தேவகிக்கு நான் தைத்த நான்கு சட்டைகள்

போன மாதம் மல்லிகா ஒரு பள்ளிச் சட்டையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பூரின் வடகிழக்குக் கோடியான பொங்கோலிலிருந்து தோ பாயோவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் பதினோரு வருடம் தையல் வேலை பார்த்தவள். இப்போது அவளும் ஓய்வு பெற்று, பேத்திக்குச் சட்டை வாங்கும் வயதுக்கு வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாகச் சட்டையை உள்பக்கம் திருப்பி என் மடியில் போட்டாள்.

“பாருங்கக்கா, கழுத்துல லேபிளே இல்ல. துணியிலயே அச்சடிச்சிட்டாங்க. புள்ளைங்களுக்குக் குத்தக் கூடாதாம். அதைப் பெருசா எழுதிப் போட்டு விக்கிறாங்க லா.”

தடவிப் பார்த்தேன். கழுத்து வழவழவென்றுதான் இருந்தது. தோள் தையலில் கட்டை விரலை ஓட்டினேன். ஒரு நைலான் நூல் முனை சுருக்கென்று ஏறியது. “லேபிளை எடுத்த புண்ணியவான் இதை மட்டும் ஏன் விட்டு வெச்சான்?” என்று கேட்டேன்.

“கண்ணு மங்கிப்போச்சின்னு சொல்றீங்க, விரல் மங்கலையே!” என்று சிரித்தாள் மல்லிகா. “அந்தத் தேவகி விஷயத்தை எழுதி வைங்கக்கா. இப்ப நான் சொல்லிக் குடுக்குற தையல் வகுப்புல இதைச் சொன்னா, ஒரு புள்ளைக்கு நாலு சட்டையா, சும்மா அடிச்சு விடாதீங்க ஆண்ட்டின்னு சிரிக்குதுங்க.”

எழுதுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இந்தக் கதையில் முக்கால்வாசி தூரம் வரைக்கும் நான் வாய்த்துடுக்காகத்தான் நடந்துகொண்டேன். அதை மறைத்து எழுது என்றால் என்னால் ஆகாது.

ஐம்பதுகளின் நடுவில், அப்பா தவறிய பிறகு, பதினாறு வயதில் வேலைக்கு வந்தேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், தேக்கா பாசாரின் மீன் வாடை வந்து சேரும் தூரத்தில் எங்கள் தையல் கடை. முதல் இரண்டு வருடம் காஜா எடுத்தேன், பொத்தான் தைத்தேன். அப்புறம் ஓரம் மடித்தேன். அப்புறம் மெஷினில் உட்கார்ந்தேன். அதற்குள் விரலில் எத்தனை முறை ஊசி ஏறியது, எத்தனை நாள் அழுதேன் என்பதெல்லாம் எந்தத் தையற்காரிக்கும் உள்ளதுதான், விடுங்கள்.

கடைக்கு முதலாளி என்று ஒருவர் இருந்தார். ஆனால் உள்ளே ராஜ்ஜியம் கட்டிங் மாஸ்டருடையது. காதர் மாஸ்டர் நாகூர்ப் பக்கத்துக்காரர். காதில் பென்சில், தோளில் அளவு டேப், வாயில் எப்போதும் பூட்டு. துணியை வெட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கத்தரியை மேசையில் வைத்துவிட்டு, அந்த ஆள் பேசி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டு முறை அப்படி நின்றால் போதும், ஊர்க்கதை பேச வந்தவர்கள் அவர்களாகவே கிளம்பிவிடுவார்கள்.

அவர் சோதனை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது. தைத்து முடித்த உடுப்பு எதுவானாலும் முதலில் அவர் கைக்குப் போக வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வருவார். உடுப்பை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவார். வாசல் வெளிச்சத்துக்குக் காட்டுவார். பிறகு இடது கட்டை விரலை ஒவ்வொரு தையலின் மேலும் மெதுவாக ஓட்டிக்கொண்டே போவார். விரல் எங்கேயாவது தடுக்கினால் திட்ட மாட்டார். சட்டையைக் கொண்டுவந்து நம் மெஷின்மேல் வைப்பார். அதன்மேல் ஒரு சவர பிளேடை வைப்பார். பிரி என்று அர்த்தம். மெஷினில் உட்கார்ந்த புதிதில் என் மெஷின்மேல் பிளேடு இல்லாத நாளே கிடையாது.

ஒரே ஒருமுறை, எரிச்சல் தாங்காமல், “உள்பக்கத்தை யாரு மாஸ்டர் பாக்கப் போறா?” என்று கேட்டுவிட்டேன்.

“போட்டுக்கிறவங்க பாப்பாங்க,” என்றார். “முதுகால பாப்பாங்க.”

அவர் கையைத் தாண்டிய துணி இஸ்திரிக்குப் போகும். அப்புறம் கவுண்டருக்கு வரும். கவுண்டர் என் பொறுப்பு. மடித்து, தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளின் துணி என்றால் காலருக்கு உள்ளே ஒரு துளி மஞ்சள் வைத்து, பழைய பேப்பரில் சுற்றி, சணல் போட்டுக் கட்டிக் கொடுப்பேன். பல தாய்மார்கள் அந்த மஞ்சளுக்காகவே எங்கள் கடைக்கு வருவார்கள். ராசியான கை என்று எனக்கு ஒரு பெயரும் இருந்தது, அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூடங்களுக்குத் தவணை விடுமுறை விட்ட முதல் நாள், பாக்கியம் அக்கா கடைக்கு வந்தார். ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் குடியிருந்தார், கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. கையில் எட்டு வயது மகள் தேவகி. இன்னொரு கையில் நான் வருட ஆரம்பத்தில் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை, கழுத்துப் பக்கம் கிழிந்து தொங்கியது. அதுதான் முதல் சட்டை.

“என் மவ இதைப் போட மாட்டேங்குறா தங்கச்சி. போட்டாலும் கிளாஸ்லயே கழட்டி வெச்சிட்டு, மேல போடுற பினாஃபோர் கவுனோட மட்டும் உக்காந்துக்குறாளாம்.”

“ரெண்டு வையுங்க, தானா போட்டுக்குவா,” என்றேன் நான். மெஷினை நிறுத்தக்கூட இல்லை.

பாக்கியம் அக்கா தரையைப் பார்த்தார். “வெச்சாச்சு,” என்றார் மெல்ல.

அப்போதுதான் பிள்ளையைப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி நகம் பிறாண்டிய சிவப்புக் கோடுகள். பனியன் மாதிரி ஏதோ ஒன்றைப் போட்டிருந்தது, துவைத்துத் துவைத்து நைந்த துணி. அது எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வெட்டு மேசைக்கு அடியில் கிடந்த பேப்பர் கட்டைத்தான் பார்த்தது. அடுத்த நிமிடம் உள்ளே நுழைந்து உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டது.

பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பாக்கியம் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு ஆங்கிலம் கடைப் பலகை அளவுக்குத்தான். நான் எழுத்துக் கூட்டித் தடுமாறுவதைப் பார்த்துத் தேவகி மேசைக்கு அடியிலிருந்து கையை நீட்டியது. கடிதத்தை வாங்கி, ஒரு வரி ஆங்கிலத்தில் படித்து, ஒரு வரி தமிழில் சொன்னது. பாடம் ஒப்பிப்பது மாதிரியே சொன்னது.

“இந்த லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்குற நாள்லேருந்து உங்க பொண்ணு முழு யூனிஃபார்மோட வரணும். நாள் முழுக்கப் போட்டிருக்கணும். இல்லன்னா பேரை எடுத்துருவோம். இந்த எடத்துக்கு நெறைய புள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

போன வருடம் இருந்த டீச்சர் உள்ளே பனியனோடு உட்கார விட்டிருக்கிறார். இந்த வருடம் புதுத் தலைமையாசிரியை. அவ்வளவுதான் விஷயம்.

“ஒனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கலையாம்மா?” என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடம் வேணும்,” என்றது தேவகி. “சட்டை வேணாம்.”

இப்போது இதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. தொட்டால் தாங்காத உடம்பு, சத்தம் தாங்காத காது என்று டாக்டர்கள் விளக்குகிறார்கள். அன்றைக்கு எங்களிடம் இருந்த பெயர்கள் இரண்டுதான். ஒன்று கொழுப்பு. இன்னொன்று காத்து கருப்பு. பாக்கியம் அக்காவின் மாமியார் ஏற்கெனவே தாயத்துக் கட்டிவிட்டிருந்தார். அந்தக் கயிற்றையும் பிள்ளை பல்லால் கடித்து எடுத்துவிட்டதாம்.

காதர் மாஸ்டர் அந்தக் கிழிந்த சட்டையை வாங்கினார். உள்பக்கம் திருப்பினார். லேபிளில் விரல் நின்றது. காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைத்த கேன்வாஸில் விரல் நின்றது. “மூணு வாரம் இருக்கு,” என்றார். “தைப்போம்.”

இரண்டாவது சட்டைக்கு லேபிள் இல்லை, காலருக்குள் கேன்வாஸ் இல்லை. பாப்ளினை ஐந்து முறை துவைத்து, காய வைத்து, அதற்குப் பிறகுதான் மாஸ்டர் வெட்டினார். காஜாக்களை நானே மெல்லிய நூலில் கையால் எடுத்தேன். பிரமாதமான சட்டை என்று எனக்கே ஒரு நினைப்பு. நான்கு நாள் கழித்து பாக்கியம் அக்கா அதைத் திரும்பக் கொண்டுவந்தார். மேசையில் வைத்தார். சட்டை தகரம் மாதிரி நின்றது.

“யாரு அக்கா இதுல கஞ்சி போட்டது?”

“டோபிதான். ஸ்கூல் சட்டைன்னு குடுத்தேன், எல்லாத்துக்கும் போடுற மாதிரி போட்டுட்டாரு.”

“அஞ்சு தடவை தண்ணியில முக்கி நான் பஞ்சாக்கிக் குடுக்குறேன், நீங்க கொண்டுபோய் அப்பளமாக்கிக் கொண்டுவர்றீங்க! ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?” என்று கத்திவிட்டேன். வாசலில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாக்கியம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கஞ்சி போடாத பள்ளிச் சட்டை என்று ஒன்றை அந்தக் காலத்தில் எந்தத் தாயும் பார்த்ததில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இது இப்போது தெரிகிறது.

மூன்றாவது சட்டைக்கு மாஸ்டர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். தோளில் தையலே வராதபடி முன்னும் பின்னும் ஒரே துணியாக வெட்டினார். பக்கத் தையல்களின் விளிம்பை வெளிப்பக்கம் விட்டார். மேலே பினாஃபோர் போட்டால் அது மறைந்துவிடும், உள்ளே பிள்ளையின் உடம்புக்கு வழவழப்பு மட்டும்தான் படும். முப்பது வருடம் உள்பக்கத்தில் விளிம்பு வைத்துத் தைத்த மனிதர், ஒரு பிள்ளைக்காகச் சட்டையையே தலைகீழாக்கினார். நானும் சும்மா இல்லை. டோபி கைக்கே போகக்கூடாது, நேராக இங்கே வந்து இங்கேயே போட்டுப் பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

வந்தார்கள். தேவகி கையை நுழைத்தது. ஒரு கை, இன்னொரு கை. பேசாமல் நின்றது. நான் மூச்சை விட்டேன். பாக்கியம் அக்கா மேல் பொத்தானைப் போட்டு, காலரைக் கழுத்தில் படிய வைத்தார். அவ்வளவுதான். கடையே நடுங்குகிற மாதிரி ஓர் அலறல். பொத்தான் தெறித்தது. சட்டை ஒரு பக்கம், பிள்ளை மேசைக்கு அடியில்.

எனக்கு வந்ததே கோபம்! “இது துணியில இல்ல மாஸ்டர். கொழுப்புல இருக்கு. எந்த மில்லுல தேடினாலும் இதுக்குத் துணி கெடைக்காது,” என்றேன், தாய்க்கும் கேட்கும்படி, பிள்ளைக்கும் கேட்கும்படி.

காதர் மாஸ்டர் பிளேடை எடுத்துவந்து என் மெஷின்மேல் வைத்தார். கீழே சட்டை எதுவும் இல்லை. வெறும் பிளேடு.

“எதை மாஸ்டர் பிரிக்கச் சொல்றீங்க?”

அவர் பாக்கியம் அக்காவிடம் திரும்பினார். “இந்தப் புள்ள தூங்கும்போது எதைம்மா போட்டுக்கும்?”

“அவங்கப்பாவோட பழைய வேட்டியில ஒண்ணு தெச்சுக் குடுத்திருக்கேன் மாஸ்டர். இப்ப போட்டிருக்கே, அதான். அதை மட்டும் கழட்டவே மாட்டா.”

“அப்ப அந்த வேட்டியிலயே தைப்போம். இன்னொண்ணு கொண்டுவாங்க.”

இன்னொன்று இருந்தது. ஆனால் தேவகியின் அப்பா அதைக் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் பெரிய ரகளையாம். “கட்டியிருக்குற வேட்டியவா உருவுவீங்க? நான் என்ன ஆடா மாடா, உரிச்சுக் குடுக்க?” என்று குதித்தாராம். பாக்கியம் அக்கா அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து எடுத்து வந்துவிட்டார். பள்ளி திறக்க நான்கு நாள்தான் இருந்தது. அந்த வெறும் பிளேடு இன்னும் என் மெஷின்மேல்தான் இருந்தது, நான் எடுத்துக் கொடுக்கவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

வேட்டி மெல்லிசு. ஒற்றையாகத் தைத்தால் உள்ளே தெரியும் என்று மாஸ்டர் இரட்டையாக வெட்டினார். பழுப்பு போக நீலம் போட்டு அலசினேன். காலரை மெஷினில் வைக்கவே இல்லை, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கையால் தைத்தேன். நூல் முடிச்சு ஒன்றுகூட உள்ளே வராமல் இரண்டு துணிக்கும் நடுவில் ஒளித்தேன். இது ஒத்துவராவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மேசைக்கு அடியில் உட்கார்ந்து பழைய பேப்பர் படிப்பதுதான் அதன் படிப்பு. அந்த நினைப்பு வந்தபோதெல்லாம் ஊசியை இன்னும் கிட்டக் கிட்டக் குத்தினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு காலர் நான் அதற்கு முன்னும் தைத்ததில்லை, பின்னும் தைத்ததில்லை.

மாஸ்டர் இரண்டு முறை கட்டை விரலை ஓட்டினார். பிறகு, நான் பார்த்தே இராத ஒன்றைச் செய்தார். சட்டையைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். தலையை ஆட்டி என்னிடம் நீட்டினார்.

சனிக்கிழமை காலை தேவகி வந்தது. திங்கட்கிழமை பள்ளி. சட்டையைப் போட்டார்கள். பொத்தான் மாட்டியாயிற்று. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்து எண்ணியிருப்பேன். பிள்ளையின் தோள் மெல்ல மெல்லக் காதுவரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. அதற்கும் பள்ளிக்கூடம் வேண்டுமே, பாவம். கடைசியில், அலறாமல், தானே பொத்தான்களைக் கழற்றியது. சட்டையை ஒழுங்காக மடித்தது. மேசையில் வைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டியது.

“முடியலம்மா,” என்றது.

பாக்கியம் அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அலறியிருந்தால் வந்திருக்கும். அது மடித்து வைத்ததே, அதுதான் என்னை உலுக்கிவிட்டது. போட்டிருக்கிற பனியனும் அப்பாவின் பழைய வேட்டித் துணிதான். இதுவும் வேட்டித் துணிதான். லேபிள் இல்லை, கஞ்சி இல்லை, விளிம்பு இல்லை, முடிச்சு இல்லை. பின்னே என்னதான் இருக்கிறது இதில்?

அத்தனை நாளில் ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். தாய் சொன்னார், பாட்டி சொன்னார், பள்ளிக்கூடம் சொன்னது, நான் ஊருக்கே கேட்கும்படி சொன்னேன். அந்தப் பிள்ளையை ஒருவரும் கேட்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் நுழைந்தேன். குனிந்து உட்கார்ந்தால் தலை இடித்தது.

“அக்கா மேல கோவமா?” என்று கேட்டேன்.

“கத்துவீங்க,” என்றது.

“கத்த மாட்டேன். எங்க குத்துதுன்னு மட்டும் காட்டு.”

சட்டையை அதன் கையில் கொடுத்தேன். அது தேடவே இல்லை. நேராகக் காலரின் உள்பக்கம், நட்ட நடுவில், பிடரி படுகிற இடத்தில் விரலை வைத்தது.

“இங்க மண்ணு இருக்கு.”

பார்த்தேன். மஞ்சள். மிளகளவு ஒரு பொட்டு. காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், நொறுநொறுவென்று உதிர்ந்தது. அந்த நகமே மஞ்சளாக இருந்தது. என் நகம்.

“எல்லாச் சட்டையிலயும் இருக்கு,” என்றது தேவகி. “வாடை வேற.”

ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எழுந்தபோது மேசை மண்டையில் இடித்தது, வலிகூடத் தெரியவில்லை. மூலையில் கிடந்த மூன்றாவது சட்டையை எடுத்துப் பிரித்தேன். அதே இடத்தில் அதே பொட்டு. நான் நாளெல்லாம் குனிந்து ஒளித்த முடிச்சுகள், மாஸ்டர் தலைகீழாக மாற்றிய வெட்டு, எல்லாவற்றின் மேலும் நானே கொண்டுபோய் ஒரு விரல் மண்ணை அப்பியிருக்கிறேன். மாஸ்டரின் கட்டை விரலுக்கு அது எப்படித் தட்டுப்படும்? அவர் பார்த்து முடித்த பிறகுதானே நான் வைக்கிறேன். எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் வைத்தேன். வைக்காமல் விட்டிருந்தால் பாக்கியம் அக்காவே கேட்டிருப்பார்.

கேட்கவும் செய்தார். நான் விஷயத்தைச் சொல்லி, அந்தப் பொட்டை அலசிவிடலாம் என்றதும் பதறிப்போனார். “புதுத் துணிக்கு மஞ்சள் வைக்காம போடுறதா? ஏற்கெனவே புள்ளைக்கு நேரம் சரியில்ல தங்கச்சி!”

“எது அக்கா புதுத் துணி? இது உங்க வீட்டுக்காரரு ஏழு வருஷமா கட்டின வேட்டி. அன்னிக்கே மஞ்சள் வெச்சுத்தானே கட்டினாரு?”

பாக்கியம் அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். அப்புறம் சிரித்தார். மூன்று வாரத்தில் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவந்தது. விடாமல் அலசினேன். கடை முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையைத் தாண்டி, வெயில் படும்படி மூங்கில் கழியில் நானே பிடித்துக்கொண்டு நின்றேன். வெயிலுக்கு மஞ்சள் நிற்காது. தெருவில் போகிறவர்கள், என்ன சரோஜா, கடைக்குக் கொடி ஏத்துறியா என்று கேலி செய்தார்கள். போய்ட்டு வாங்க, வேலை இருக்கு என்றேன். தேவகி மேசைக்கு அடியிலேயே இருந்தது. மதியம் மூன்று மணிக்குச் சட்டை காய்ந்தது. முதலில் என் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். காதர் மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் மறுபடி கட்டை விரலை ஓட்டினார், இம்முறை பிடரிப் பக்கம் மூன்று முறை.

போட்டுவிட்டோம். பொத்தான் மாட்டினோம். பிள்ளை நின்றது. தோள் ஏறவில்லை. கழுத்தை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது. அப்புறம் மறுபடி மேசைக்கு அடியில் போய், விட்ட இடத்திலிருந்து பேப்பரைப் படிக்க ஆரம்பித்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் நிற்கிறோம். அது ஒரு பக்கத்தை முழுக்கப் படித்து முடித்து, “அம்மா, பசிக்குது,” என்றது. நான் பின்கட்டுக்குப் போய் ஓவென்று அழுதேன்.

திங்கட்கிழமை பாக்கியம் அக்காவுடன் நானும் பள்ளிக்குப் போனேன். ஞாயிறு முழுக்க மாஸ்டரிடம் கேட்டு ஓர் ஆங்கில வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கஞ்சி போடாத துணி அழுக்குத் துணி இல்லை, அம்மா, என்று அர்த்தம். தலைமையாசிரியை வாசலிலேயே நின்று ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். தேவகியின் முறை வந்தது. காலரை இரண்டு விரலால் தூக்கினார். அது தொப்பென்று விழுந்தது. இதென்ன இப்படித் துவண்டு கிடக்கிறது என்று கேட்டார்.

எனக்கு வாக்கியம் மறந்துவிட்டது! வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். தேவகி அவர் முகத்தைப் பார்க்காமல், தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னது. இது துவண்டு இருப்பதால்தான் என்னால் போட்டுக்கொள்ள முடிகிறது, மிஸ். நாள் முழுக்கக் கழற்ற மாட்டேன். நீங்கள் வந்து பார்க்கலாம்.

அந்த அம்மா காலரை மறுபடி தொட்டார். இம்முறை விட்டுவிடவில்லை, கொஞ்ச நேரம் விரல்களுக்கு இடையில் வைத்துத் தேய்த்தார். ஒரு வாரம் பார்க்கிறேன் என்றார். தினம் வந்து பார்த்தாராம். ஐந்தாவது நாள் வரவில்லையாம்.

அந்தத் திங்கட்கிழமை பள்ளியிலிருந்து நேராகக் கடைக்குத்தான் வந்தேன். என் மெஷின்மேல் இன்னும் கிடந்த அந்த வெறும் பிளேடை எடுத்தேன். கவுண்டருக்குப் போய் மஞ்சள் கிண்ணத்தின்மேல் வைத்தேன். காதர் மாஸ்டர் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எங்கள் வழக்கத்தைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை, அன்றும் திறக்கவில்லை. அதன் பிறகு நான் கடையில் இருந்தவரை மஞ்சள் உண்டு, ஆனால் சுற்றிக் கொடுக்கும் பேப்பரின் மூலையில்தான். துணியை மாஸ்டர் பார்த்த பிறகு யாரும் தொடக்கூடாது, நான் உட்பட.

ஒரே சட்டையைத் தினமும் சாயந்தரம் துவைத்துப் போட்டால் எத்தனை நாள் தாங்கும்? அந்த வேட்டியில் மிச்சமிருந்த துணியிலும் இன்னொன்று தைத்தாயிற்று. அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்துவிடும். வேட்டிக்கு எங்கே போவது என்று நான்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கடைகளில் புது வேட்டி எத்தனையும் கிடைக்கும், ஏழு வருடம் கட்டிய வேட்டி எந்தக் கடையில் கிடைக்கும்?

தீபாவளிக்குச் சில நாள் கழித்துத் தேவகியின் அப்பா கடைக்கு வந்தார். அன்றுதான் அவரை முதல்முறை பார்க்கிறேன். வேட்டியை உருவாதே என்று குதித்தவர் இவர்தானா என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை ஒல்லி, அத்தனை கூச்சம்.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். தீவாளிக்கு எடுத்த வேட்டி. வேலை முடிஞ்சு வந்தா இதைத்தான் கட்டுறேன், படுக்கும்போதும் இதான். தெனம் துவைக்கச் சொல்லியிருக்கேன். இன்னும் எத்தனை தடவை துவைச்சா பாப்பா சட்டைக்கு ஆவும்?”

நான் குனிந்து அவர் கட்டியிருந்த வேட்டியின் நுனியைப் பிடித்துப் பார்த்தேன். இன்னும் மொடமொடப்பு இருந்தது. “அடுத்த மழைக்காலம் வரைக்கும் கட்டுங்கண்ணே,” என்றேன்.

சரியாக அடுத்த மழைக்காலத்தில் கொண்டுவந்தார். மடித்து, பேப்பரில் சுற்றி, தங்கத்தைக் கொடுப்பது மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தார். மேசையில் விரித்தேன். பழசைவிடப் பூவாக இருந்தது. ஒரு மூலையில், அத்தனை துவைப்பையும் தாண்டி, பாக்கியம் அக்கா தீபாவளியன்று வைத்த மஞ்சள் மங்கலாகத் தெரிந்தது. அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு, தேவகியின் புது அளவுக்குக் கோடு போட்டேன்.